குடிக்காதவனின் குழறல்

மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு அது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்தி முடிவதற்குள் என் குரல் மூக்கு வழியாக வரத் தொடங்கியது. 'ப' என்று சொல்ல நினைத்தால் 'ம' என்று விழுந்தது. 'பாட்டு' என்ற சொல் 'மாட்டு' ஆனது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் யாரையோ போலப் பேசிக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை ஒரு மாணவியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் குரல் திரும்பிவிட்டது. தொண்டை வறண்டிருக்கும் என்று தண்ணீர் குடித்தேன். குடித்ததில் கொஞ்சம் மூக்கு வழியாக வெளியே வந்தது.

இந்த நோய் என்னவென்று தெரியாமல் தவிப்பவர்களுக்காகவும், தெரிந்த பிறகும் தவிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

திருவக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியன் நான். வீடு திண்டிவனத்தில். வாரம் ஒருமுறை வரும் உள்ளூர்ச் செய்தித்தாளில் அரைப் பக்கம் எழுதிவந்தேன். நிற்காமல் போகும் பேருந்து, பாசி பிடித்த குடிநீர்த் தொட்டி, இப்படிப்பட்ட விஷயங்கள்தான். பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த மதுக்கடையை அகற்ற வேண்டும் என்று தொடர்ந்து எழுதினேன். கடைசியில் கடையை எடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் கைகுலுக்கினார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குரலுக்குப் பிறகு கண். சாயங்காலமானால் இடது இமை தானாக இறங்கியது. வண்டியில் வரும்போது எதிரே ஒரு லாரி இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று தெரியாமல் சாலையோரம் இறங்கி நின்றுவிட்டேன். அன்றிலிருந்து வண்டியை எடுப்பதில்லை. பௌர்ணமி நாட்களில் திருவக்கரைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் பேருந்தை அடைத்துக்கொள்ளும். மேல் கம்பியைப் பிடித்த கை தானாக நழுவி விழும். ஒரு மாணவனின் அம்மா அவித்த மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தார். நாலு வேர்க்கடலைப் பருப்பை மென்றதும் தாடை நின்றுவிட்டது. கையால் மோவாயைத் தாங்கி மேலே தள்ளித்தான் மீதியை மென்றேன்.

கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். தொண்டை மருத்துவர் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். இன்னொருவர் மன அழுத்தம் என்றார். எல்லோரையும் நான் காலையில்தான் போய்ப் பார்த்தேன். காலையில் எனக்கு நோயே இல்லை. இமை திறந்திருக்கும், பேச்சு மணி மாதிரி இருக்கும். எனக்கே நான் பொய் சொல்வது போலத் தோன்றும்.

ஊர் அதற்குள் தன் முடிவைச் சொல்லிவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வகுப்புகள் முடிந்த பிறகு நடந்தது. ஒரு மாணவியின் தந்தை எழுந்தார். சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர், என் கட்டுரைகளைப் படிப்பவர்.

"சாரு, தப்பா நெனச்சிக்காதீங்க. கடைய எடுக்கணும்னு பேப்பர்ல எழுதினது நீங்கதான். இப்ப புள்ளைங்க வூட்டுக்கு வந்து, மத்தியானத்துக்கு மேல சாருக்கு நாக்கு கொழறுதுன்னு சொல்லுதுங்க. கண்ணு சொருவுதுன்னு சொல்லுதுங்க. நாங்க இன்னா நெனைக்கிறது?"

பதில் சொல்ல எழுந்தேன். முதல் இரண்டு வாக்கியங்கள் சரியாக வந்தன. மதுவை நான் வாழ்நாளில் தொட்டதில்லை என்று சொல்லத் தொடங்கியபோது நாக்கு தடித்தது. சொல்லச் சொல்ல இன்னும் குழறியது. அழுத்திச் சொன்னால் தெளிவாகும் என்று உரக்கப் பேசினேன். உரக்கப் பேசியதில் குரல் முழுக்க மூக்குக்குப் போனது. இமையும் விழுந்தது. என் காதுக்கே ஒரு குடிகாரனின் பேச்சுதான் கேட்டது.

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "இத பாருடா, இப்பவே ஏத்திக்கினுதான் வந்துகீறாரு."

சிரிப்பு எழுந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகும், பேசினால் நிரூபித்ததாகும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் தலைமை ஆசிரியை என் அருகில் வந்தார். "சார், கொஞ்ச நாள் மெடிக்கல் லீவு போடுங்க. மேல புகார் போச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் முகத்தில் கோபமில்லை. இரக்கம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை செய்தித்தாள் ஆசிரியரிடம் போனேன். நான் குடிப்பவன் இல்லை என்று என் பக்கத்தில் எழுதப்போவதாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேணாம் சார். நீங்க மறுப்பு எழுதுனா, அந்த ஊருக்கு மட்டும் தெரிஞ்சது திண்டிவனம் பூரா தெரியும். கொஞ்ச நாள் கேப் வுடலாம்."

எழுத்தில் மட்டும்தான் நான் குழறாமல் இருந்தேன். அதுவும் நின்றது.

அன்று சாயங்காலம் கட்டிலில் கண்மூடிக் கிடந்தேன். என் மனைவி விமலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கன்வாடியில் வேலை செய்பவள். என் கட்டுரைகளை முதலில் படித்து, நீளமாக இருக்கிறது என்று வெட்டச் சொல்பவள். அவள் மெதுவாகக் குனிந்து என் வாயருகே மூச்சை இழுத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை. தூங்குவதாகவே நினைத்து எழுந்து போனாள்.

அந்த வாரங்களில் வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் மூக்கில்தான் வந்திருக்கும். உங்களுக்கு அந்த எண்ணம் வந்தால், தயவுசெய்து குரல் நன்றாக இருக்கும் நேரத்தில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் செய்யாதது அது.

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனைக்கு விமலாதான் என்னை அழைத்துப்போனாள். குடிப்பழக்கத்தை நிறுத்த மருந்து கேட்கலாம் என்று மனதில் வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. கூட்டம் அதிகம். எங்கள் முறை வருவதற்குள் பிற்பகல் ஆகிவிட்டது. அந்தக் காத்திருப்புதான் என்னைக் காப்பாற்றியது. மருத்துவர் முன் உட்கார்ந்தபோது என் இமை பாதி மூடியிருந்தது.

இளம் பெண் மருத்துவர். விமலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்திவிட்டு என்னைக் கூரையையே பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இமை முழுக்க இறங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். இருபதுகளில் எண்கள் எல்லாம் ஒன்றாகக் குழைந்தன. ஒரு கையுறையில் பனிக்கட்டி நிரப்பி என் மூடிய கண்மேல் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது கண் திறந்தது. முழுவதும் திறந்தது. எதிரே விமலா ஒருத்தியாகத் தெரிந்தாள்.

"அப்ப இவுரு குடிக்கலையா டாக்டர்?"

"குடிச்சவங்களுக்கு ஐஸ் வச்சா கண்ணு தொறக்காதும்மா" என்றார் அவர்.

விமலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். அன்று அவள் முகர்ந்து பார்த்தபோது நான் விழித்திருந்ததைக் குழறியபடியே சொன்னேன். அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "தெரிஞ்சிக்கினே கண்ண மூடினு கெடந்தீங்களா அன்னிக்கி?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வரும் தசைத்தளர்ச்சி) என்று பெயர் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனை, நெஞ்சு ஸ்கேன் எல்லாம் முடிந்து உறுதியானது. நரம்பு மருத்துவர் பிரிடோஸ்டிக்மைன் (கட்டளை தசையில் சற்றுக் கூடுதலாகத் தங்க உதவும் மாத்திரை) எழுதினார். ஸ்டீராய்டும் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) சேர்ந்தது. முகம் ஊதியது. வயிறு பலமுறை போனது. ஆனால் பேச்சு கொஞ்சம் நீண்டது.

"குணமாயிடுமா?" என்று கேட்டேன்.

"கட்டுக்குள்ள வைக்கலாம் சார்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மழைக்காலத்தில் சளி பிடித்தது. இருமக்கூட வலுவில்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. புதுச்சேரி போகும் ஆம்புலன்ஸில் விமலா என் முதுகைத் தாங்கி உட்காரவைத்தபடியே வந்தாள். "ஜல்தியா போப்பா, ஜல்தியா போப்பா" என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். மயஸ்தீனிக் கிரைசிஸ் (சுவாசத் தசைகளும் சோர்ந்துவிடும் நெருக்கடி) என்றார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) போட்டார்கள்.

பிறருக்குப் புரியாத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தப்பவில்லை. மயக்க மருந்தைக் குறைத்த பிறகு எல்லாம் கேட்டது. வலி தெரிந்தது. இமையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். கண் மூடிக் கிடப்பவன் அங்கே இல்லாதவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் தலைமாட்டில் நின்று ஓர் உறவினர், "மேற்கொண்டு ஆவ வேண்டியத பாக்கலாமா?" என்று விமலாவிடம் மெல்லக் கேட்டார். நான் இருக்கிறேன் என்று உள்ளே கத்தினேன். ஒரு விரல்கூட எழவில்லை. கருவி மட்டும் எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

விமலாவின் விரல் என் இமையைத் தொட்டுத் தூக்கியது. வெளிச்சம் வந்தது. அதற்குள் அவள் முகம், மிக அருகில். நான் கருவிழியை அசைத்தேன்.

"இருக்காரு" என்றாள் அந்த உறவினரிடம். "பாத்துக்கினு இருக்காரு. நீங்க வெளிய போங்க."

அதன்பின் பார்வையாளர் நேரம் முழுவதும் அவள் விரலால் என் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசுவாள். ஒரு கை வலித்தால் மறு கை. பிளாஸ்மா மாற்று (இரத்தத்தின் நீர்ப்பகுதியை நீக்கி, அதிலுள்ள தீங்கான எதிர்ப்பொருட்களை வெளியேற்றும் சிகிச்சை) நடந்தது. ஒருநாள் அவள் விரலை எடுத்த பிறகும் இமை கீழே விழவில்லை. குழாயை எடுக்க அதற்குப் பிறகும் வெகுநாள் ஆயிற்று.

நோய் தெரிந்தபின் ஊர் மாறும் என்று நம்பினேன். மாறவில்லை. "குடிச்சிக் குடிச்சித்தான் நரம்பு போச்சாம்" என்று சொல்வதாகத் தலைமை ஆசிரியை வருத்தத்துடன் சொன்னார். செய்தித்தாள் ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கி, என் நோயைப் பற்றி விளக்கி எழுதினேன். கூட்டத்தில் கேள்வி கேட்ட தந்தை அதைப் படித்துவிட்டு வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்றார். "மன்னிச்சிக்கோங்க சார்" என்றார். ஆனால் அவர் மகளை வேறு பள்ளிக்கு மாற்றியிருந்தார். அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது பள்ளியில் எனக்குக் காலை வகுப்புகள் மட்டும். பிற்பகலில் அலுவலக அறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறேன். எப்போது வேண்டுமானாலும் மறுபடி மூச்சு நிற்கலாம். ஒவ்வொரு சளியும் பயம். காலையில் கண் திறந்ததும் எழுவதில்லை. முதலில் எச்சிலை விழுங்கிப் பார்க்கிறேன். இறங்கினால், இன்றைக்கு நான் இருக்கிறேன்.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். உடல் மோசமாக இருக்கும் நேரத்தில் மருத்துவரிடம் போங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்தில் செல்போனில் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். காலை முகத்தை நம்பாதீர்கள்.

என் உடல் முன்பு நான் கேட்காமலே எல்லாம் செய்தது. இப்போது சிரிப்பதற்கும் அதனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. நாள் என்பது மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சின்ன நிலங்கள். காலைநிலம் பெரியது. மாலைநிலம் கிட்டத்தட்ட இல்லை. விமலா அதற்கேற்ப வீட்டையே மாற்றிவிட்டாள். எங்கள் சண்டைகள்கூட விடியலில்தான் நடக்கின்றன. பொழுது சாய்ந்தபின் என்னை எதுவும் குற்றம் சொல்வதில்லை. திருப்பிப் பேச முடியாதவனிடம் என்ன சண்டை என்கிறாள்.

நேற்று விளக்கேற்றும் நேரம். அவளிடம் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நடுவிலேயே நாக்கு நின்றது. இன்னொருமுறை முயன்றேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வுடுங்க. மிச்சத்த காலைல சொல்லுங்க."

காலை என்று ஒன்று வரும் என்று அவள் அவ்வளவு எளிதாக நம்பினாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வாக்கியத்தின் மீதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு படுத்தேன்.