மலை நிழலுக்கு வெளியே ஒரு சாப்பாடு

ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, அந்த மே மாதம் செஞ்சியில் பெண் பிள்ளைகளுக்காக நடந்த கோடை முகாமுக்குப் போனேன். பிள்ளைகள் மேல் ஆசை வைத்தெல்லாம் போகவில்லை. போய்வந்தால் வேலை கிடைக்க வசதி என்றார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவளிடம் பத்து வயதுக்காரிகள் ஒன்பது பேரை ஒப்படைத்து, "பத்து நாளைக்கு நீதான் இவங்களுக்கு அக்கா" என்றார் முகாம் தலைவி.

அதில் ஒருத்தி இரண்டு இரவாகச் சாப்பிடவில்லை. காலையும் மதியமும் வஞ்சனையில்லாமல் சாப்பிடுவாள். இரவு எட்டு மணிக்குப் பந்தி போட்டால் மட்டும் வயிறு நோவுது என்று சுருண்டு படுத்துவிடுவாள். வீட்டு நினைப்பு என்று எண்ணிக் கொஞ்சிப் பார்த்தேன், பிறகு திட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை உடற்பயிற்சியின்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தலைவி என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு ராத்திரியும் சாப்பிடலேன்னா நாளைக்குக் காலையில அவ ஊரு வல்லத்துக்குப் போற பஸ்ஸுல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடு. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அதைப் பிள்ளையிடம் போய்ச் சொன்னதும் அவள் அழுத அழுகை இருக்கிறதே! ஐந்தாம் நாள் எல்லோரும் ராஜகிரிக் கோட்டை ஏறுவதாக இருந்தோம். பிறந்ததிலிருந்து தன் ஊர் வயலில் நின்று அவள் பார்த்த மலை அது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் ஒருநாளும் விட்டதில்லையாம்.

"கோட்ட ஏறிட்டுப் போறேன் அக்கா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் சாப்பிடு என்றேன். முந்தானையை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சமையல்கார அம்மாளிடம் போய்ப் புலம்பினேன். உள்ளூர்க்காரியான அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாம்மா நீ! அது நயினார் வூட்டுப் பொண்ணு. ஜைனருங்க பொழுது சாஞ்சா எதுவும் சாப்ட மாட்டாங்க. இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. நான் திருநெல்வேலிக்காரி. போன இடத்தில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காதே என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியதால் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அவளைத் திட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று.

எண்பது பேர் சமையலைப் பொழுது சாய்வதற்குள் முடிக்க முடியாது. ஓரத்து அடுப்பு ஒன்றை மட்டும் அந்த அம்மாள் விட்டுக்கொடுத்தாள். நானே சமைக்கிறேன் என்று மார்தட்டிவிட்டேன். வீட்டில் வெந்நீர் வைத்ததோடு சரி, வேறு அனுபவம் கிடையாது. உருளைக்கிழங்கில் கை வைத்தபோது, "கெழங்கும் அவங்களுக்கு ஆவாதும்மா" என்று பிடுங்கிக்கொண்டு கத்தரிக்காயைக் கொடுத்தாள். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைத் தோல் போட்டு எரிக்கும் அடுப்பு. நான் ஊதினால் புகைந்தது, ஊதாவிட்டால் அணைந்தது. மற்ற எட்டுப் பேரும் சுற்றி நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டே யோசனை சொன்னார்கள். ஒருவழியாகச் சோற்றை வடித்துக் குழம்பை இறக்கி நிமிர்ந்தால், சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போயிருந்தது. மைதானம் முழுக்க நிழல்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு அவளுக்கு முன்னால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"பொழுது எங்க அக்கா போச்சு? மலதான் மறைக்குது" என்றாள் எங்கள் கூட்டத்து வாயாடி, கடைத்தெரு மளிகைக்காரர் மகள். "ஏரிக்கரையில இன்னும் வெயில் அடிக்குது பாருங்க!"

பார்த்தேன். கூப்பிடு தூரத்தில் கரை மஞ்சளாகத் தெரிந்தது. அவ்வளவுதான், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சோற்றுக் குண்டானைத் தூக்கினேன். குழம்புச் சட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஓடினோம். பின்னால் தலைவியின் விசில் கேட்டது. யார் நின்றார்கள்?

கரையில் ஏறியதும் வெயில் முகத்தில் அடித்தது. மலைச்சரிவுக்கு அப்பால் சூரியன் முழுசாக இருந்தது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்து அதை உறுதிசெய்துகொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பரிமாறினேன். சோறு குழைந்திருந்தது, குழம்பில் உப்பு தூக்கல். நாங்கள் அத்தனை பேரும் மூச்சிரைக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கோ ஓடுகிறேன் என்று துரத்திவந்த தலைவி, திட்ட வாயெடுத்தவர், அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளையிலேர்ந்து நாலு மணிக்கே அடுப்பை மூட்டு. அவ இருக்கட்டும்" என்றார்.

முகாம் முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது எங்கே போயிற்றோ தெரியாது. எனக்குக் கிடைத்த சம்பளம், பரிசு எல்லாம் அந்தக் கரையிலேயே கிடைத்துவிட்டது. தட்டை வழித்து நக்கிவிட்டு, ஒரு கண்ணால் சூரியனை அளந்தபடி, "சீக்கிரம் அக்கா, இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டினாள் அவள்.