கான்ட்ராஸ்ட் ஊசியும் கான்ட்ராக்ட் இசக்கியும்

எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனுக்கு மூளையைப் படமெடுக்கத் தெரிந்தால் போதாது, பார்த்ததை மூஞ்சியில் காட்டாமலிருக்கவும் தெரிய வேண்டும். ஸ்கேன் முடிந்து எங்கள் மூஞ்சியையே உற்றுப் பார்த்து ஏமாந்த சக பாவிகளே, ஸ்ரீபெரும்புதூரில் நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

இம்மாம் பெருசு

இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மண்ணூரில் வாடகை அறை. கொஞ்ச நாளாக எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்தவன், ஒருநாள் ஃபிட்ஸ் வந்து லைனிலேயே விழுந்துவிட்டான். ஊரிலிருந்து ஆள் வருவதற்குள் வீட்டுக்கார அம்மா செல்வியக்காதான் அழைத்து வந்தார்.

படத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அபூர்வமான அழற்சி என்றார் டாக்டர். மருந்து கேட்கிறதா என்று சில மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். அழற்சி அடங்கினால்தான் கம்பெனியில் திரும்பச் சேர்ப்பார்கள். செல்வியக்கா படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மோட்டார ஆஃப் பண்ண மறந்துட்டான்னு, உனக்கு மூளையே இல்லியாடான்னு திட்டிட்டேனே சார், இம்மாம் பெருசு கீதே!"

சத்தம்

எங்கள் மிஷின் போடும் சத்தத்தில் பாதியிலேயே எழுந்து ஓடியவர்கள் உண்டு. இரண்டாவது தடவை இசக்கியிடம் அசைவே இல்லை. மைக்கில் கூப்பிட்டேன், பதிலில்லை. மறுபடியும் ஃபிட்ஸோ என்று அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், குறட்டை!

"ஏன் அண்ணாச்சி எழுப்புதிய? எங்க கம்பெனில தகடு அடிக்குத பிரஸ் ஷாப்பு சத்தத்துக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?"

ஊசி

நரம்பில் ஒரு மருந்தை ஏற்றிப் படமெடுத்தால், அழற்சி உயிரோடிருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். அந்த மருந்துக்குப் பெயர் கான்ட்ராஸ்ட். "இன்னைக்கும் கான்ட்ராஸ்ட்தான் இசக்கி" என்றேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று. "இங்கயும் கான்ட்ராக்ட்தானா அண்ணாச்சி? ஒரு எடத்துலயாவது பெர்மனென்ட் பண்ண மாட்டியளா?"

மூஞ்சி

அப்புறம் ஒரு ஸ்கேனில், மருந்து ஏற்றியும் எதுவுமே பளிச்சிடவில்லை. திட்டுகள் சுருங்கி, தழும்பு மட்டும் மிச்சம். ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம். சந்தோஷத்தை அடக்கி, மூஞ்சியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். செல்வியக்கா பதறிவிட்டார். "இன்னா சார், நீயே அழுவுற?"

டீ

வேலைக்குப் போகலாம், ஆனால் நோய் திரும்ப வரலாம், அதனால் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இசக்கி பழைய லைனுக்கே போனான். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும் விடாப்பிடியாக டீ வாங்கிக் கொடுத்தான். "கம்பெனில இன்னும் கான்ட்ராக்ட்தான் அண்ணாச்சி, ஒங்ககிட்டதான் பெர்மனென்ட் ஆயிட்டேன்."

எங்கள் ஸ்கேன் சென்டரில் நானே கான்ட்ராக்ட்தான் என்பதை அவனிடம் சொல்லாமல், வழக்கம்போல் மூஞ்சியில் எதையும் காட்டாமல் டீயைக் குடித்து முடித்தேன்.