யாரும் சாகாத பெரட்டு

2023 ஜூன் 14, புதன்கிழமை. வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்தேன். முகம் மழித்தேன். முந்தைய நாள் மாலையே துடைத்து வைத்திருந்த சப்பாத்தை மாட்டினேன். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதம் என்பதால், அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூச வேண்டியிருக்கவில்லை. மனைவி ஊற்றிக் கொடுத்த பாலில்லாத சாயத்தண்ணியை, உள்ளங்கைச் சீனியை நக்கி நக்கிக் குடித்துவிட்டு, பெரட்டுக் களத்துக்கு நடந்தேன்.

பசறைப் பாதையிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அங்கே இன்னும் இரண்டு காரியங்கள் என் வாயால் நடக்கவேண்டும். முந்தைய நாள் கொழுந்து குறைந்தவர்களை எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசுவது ஒன்று. தோட்டத்தில் யாராவது இறந்திருந்தால் அந்தச் செய்தியைச் சொல்வது மற்றது. சாவுச் செய்தி சொல்வதற்கு முன் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். எனக்கு முன் இருந்த கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் நிற்பார்.

அந்த மாதம் காற்றில் தளிர் கருகி, கொழுந்து குறைந்துகொண்டே போனது. ஒவ்வொரு மாலையும் தோட்டத்து மேலாளரான பெரியதொரையின் செய்தி போனில் வரும். இன்றைக்கு ஏன் இவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று கேட்பார். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் போன் அதிர்ந்தால் சோற்றை மூடி வைத்துவிடுவேன். பெரட்டுக்கு நடக்கும்போதெல்லாம் நெஞ்சு இடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால், பெரட்டில் நிற்க லாயக்கில்லை என்று என்னை எடுத்துவிடுவார்கள். வேலையோடு தோட்டம் கொடுத்த வீடும் போகும். அந்தப் பயம் வேறு.

அன்றைக்கு வாயைத் திறந்தேன். முதல் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன். காற்றுதான் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

முன்வரிசையில் நின்ற பெண் கூடையை இறக்கி வைத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளும் இறக்கினாள். பிறகு வரிசை வரிசையாக எல்லாக் கூடைகளும் தரைக்கு வந்தன.

“யாருங்கய்யா?” என்று ஒரு குரல் கேட்டது.

“மேட்டு லயத்துத் தாத்தாவா?”

“அவரு இப்பதான் பல்லு வெளக்கிக்கிட்டு நின்னாரு!”

“அப்ப யாருடி?”

ஒருத்தி விசும்பத் தொடங்கினாள். இன்னொருத்தி, யாருக்கென்று தெரியாமலேயே, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள். நான் இல்லை என்று கையை ஆட்டினேன். அதைத் தாங்கமுடியாத துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், அழுகை கூடியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். கொழுந்தெடுக்கும் பெண்களில் மூத்தவர்; தோட்டமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

“நிறுத்துங்கடி! ஒருத்தரும் சாகல. ஐயாவுக்குப் பேச்சு வரல, அவ்வளவுதான்.”

“இதுக்கா நான் இவ்வளவு அழுதேன்?” என்றாள் ஒப்பாரி வைத்தவள்.

“வீணாப் போகாது, வச்சிரு. அடுத்த சாவுல கழிச்சுக்கலாம்,” என்றார் அக்கா.

களமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது, அது நிற்கவில்லை. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா தன் போத்தல் சாயத்தண்ணியை நீட்டினார்.

“குடிங்க ஐயா. எங்களுக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?” என்று கேட்டேன். குரல் கரகரத்துத் திரும்பியிருந்தது.

“ஏசுறதுக்கு முன்னாடி ஒரு தரம் எச்சி முழுங்குவீங்க. சொந்தக் கோவத்துல ஏசுறவன் எச்சியா முழுங்குவான்? இது மேலேருந்து வர்றது. நீங்க வெறும் பைப்பு.”

“இன்னைக்குப் பைப்பு வெடிச்சிருச்சு,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அந்த நேரம் பார்த்து சின்னதொரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெரியதொரைக்கு அடுத்த உதவி மேலாளர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளைஞர். தரையில் கிடந்த கூடைகளையும் கல்லில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். வேலை போனது என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து, “அண்ணை, நெஞ்சு நோகுதோ?” என்றார். ஆள் பிரிக்கும் பொறுப்பைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு, கொழுந்து லொறியின் முன்சீட்டில் என்னை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

பதுளை ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். மனநலப் பிரிவுக்குப் போய் ஒருமுறை பேசச் சொன்னார்கள். தோட்டத்து ஆள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாங்குப் பலகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர் சின்னதொரையைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னைக்கு ஒங்க நாள் இல்லையே சேர்?”

“இண்டைக்கு நானில்லை, இவர்,” என்றார் சின்னதொரை. பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன அண்ணை பாக்கிறியள்? நான் போன வருஷத்திலயிருந்து வாறன். தொரைக்கும் நெஞ்சு இடிக்கும்.”

அதன் பிறகு முகத்தைத் திருப்பவேண்டும் என்று தோன்றவில்லை.

டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டார். தூக்கம், சாப்பாடு, போன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மருந்து எழுதினார், திரும்ப வரவேண்டிய நாளையும் சொன்னார். “மருந்து உதவும். ஆனா காலையில இவரை இடிக்கிறது எதுவோ, அதையும் மாத்தணும்,” என்றார். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, கூட வந்தவரைப் பார்த்தார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேநீர் குடிக்கும்போது கேட்டுவிட்டேன்: “என்னைப் பெரட்டுலேருந்து எடுப்பாங்களா சேர்?”

“எடுத்தா ஆர் நிக்கிறது? நானோ? எனக்கும் சத்தம் வராது.” கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார். “நாளையிலயிருந்து பெரட்டில பேர் சொல்லி ஏசுறது வேண்டாம். குறைஞ்சவையளைக் கொழுந்து நிறுக்கிற தராசடியில தனியக் கூப்பிட்டு, ஏனெண்டு கேளுங்கோ. பின்னேரம் வாற மெசேஜ் எனக்கு வரட்டும். பெரியதொரையோட நான் கதைக்கிறன். லீவு வேணுமெண்டா எடுங்கோ, வேணாமெண்டா வாங்கோ. ரெண்டுக்கும் நான் பொறுப்பு.”

சொன்னபடி செய்தார். பெரியதொரையின் செய்தி இன்றும் எப்போதாவது தப்பி என் போனுக்கு வருவதுண்டு. காலையில்தான் திறந்து பார்க்கிறேன். தராசடியில் ஏன் என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியவந்தது. நான் இன்னும் கிளினிக் போகிறேன். சில நாள் லொறியில் இருவரும் சேர்ந்தே போகிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. “தூக்கத்துல கிலோ கிலோவா சொல்லிக்கிட்டிருந்தீங்க. தொரைகிட்ட நானே போய்ப் பேசலாம்னு இருந்தேன்,” என்றாள். தட்டிலிருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டேன். அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். லீவு எடுப்பதா, போவதா என்று முடிவு செய்யாமலேயே படுத்தேன்.

யாருக்கென்று தெரியாமல் அவர்கள் அழுத அழுகையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நான் உயிரோடு இருக்கும்போதே, எதிரில் நிற்கும்போதே, எனக்காக அழுதது போல இருந்தது. அந்தக் கடனைத் தீர்க்கும் எண்ணம் எனக்கில்லை. நன்றியோடு வைத்திருக்கிறேன்.

15ஆம் திகதி, வியாழக்கிழமை. விடிவதற்கு முன் எழுந்து, முகம் மழித்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். நெஞ்சு இடிக்கத்தான் செய்தது. கூடைகளோடு எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் வேலையாக, “இன்னைக்கும் யாரும் சாகல,” என்றேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மலைகளுக்கு ஆள் பிரித்தேன்.