எல்லாருக்கும் ஒரே விலாசம்

என் அக்கா மகள் விதுர்ஷா பதுளையில் நுளம்புக்குக் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் சேர்ந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயமே சிரித்தது. "கொசுவ எண்ணவா புள்ள கம்பஸ் போன?" என்று நானும் கேலி செய்தேன்.

"எண்ணுறதில்ல மாமா. மழை எப்ப பெய்யும், கொசு யாரைக் கடிக்கும், ஒன்னும் நிச்சயமில்ல. அந்த நிச்சயமில்லாததையும் கணக்குல சேத்து, கம்ப்யூட்டர்ல ஆயிரம் தடவ சீட்டுக் குலுக்குற மாதிரி ஓட்டிப் பாப்போம். டெங்கு அடுத்து எங்க பரவும்னு தெரியும். அங்க போயி புகை அடிப்பாங்க."

நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சொல்லும் விலாசத்தை வைத்துத்தான் அவள் மேப்பில் புள்ளி வைப்பாள். வினை அங்கேதான் இருந்தது. லுணுகலைப் பக்கம் வரிசையாய் ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளில் எவனுக்குத் தனி விலாசம்? பிறந்தாலும் செத்தாலும் தோட்டத்தின் பெயர்தான். கடிதம் ஆபீசுக்கு வரும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அப்படியே வளர்ந்தவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. டவுன் பெண்ணாக இருந்தால் கேட்டிருப்பாள். எங்கள் காய்ச்சல் அத்தனையையும் கம்ப்யூட்டர் கொண்டுபோய் ஆபீசும் துரை பங்களாவும் இருக்கும் மேட்டில் குவித்துவிட்டது.

புகை அடிக்க வந்தவர்கள் பங்களா ரோஜாச் செடிக்கெல்லாம் அடித்தார்கள். கீழ இருக்குற எங்க லயத்துக்கும் வாங்கடா என்று கத்தினேன்.

"மேப்புல செவப்பு இங்கதாங்க இருக்கு. ஒங்க பக்கம் ஆபத்தில்ல" என்றான் றினாஸ் என்ற பையன்.

நாசமாய்ப் போன மேப்! பைப்பில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் வாசலுக்கு வாசல் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தோம். அதில் நெளிந்ததைப் பார்க்க ஒருத்தனும் இறங்கி வரவில்லை.

அடுத்த வாரம் லீலா அக்கா காய்ச்சலில் படுத்தாள். விதுர்ஷாவின் அம்மா. பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ் விலாசம் கேட்டாள். பழக்கத்தில் நான் தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். கட்டிலருகே நின்ற விதுர்ஷா சட்டென்று திரும்பினாள்.

"அவ்வளவுதான் சொல்வீங்களா மாமா? எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்களா?"

"வேற என்னத்த சொல்ல?"

"ஐயோ, ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அங்கிருந்தே போன் போட்டாள். கீழ் லயத்துக்குப் புகை வந்தது. அக்காவின் பிரேதமும் அன்றைக்குத்தான் வந்தது.

கருமாதி முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். மேப்பைக் காட்டினாள். சிவப்பெல்லாம் இப்போது கீழ் லயத்தில் இருந்தது. பங்களா மேல் மட்டும் ஒற்றைப் புள்ளி.

"இது யாரு புள்ள? மாத்த மறந்துட்டியா?"

"அம்மா. சாகுற வரைக்கும் அவங்களுக்குக் கொழுந்து பறிச்சா. அந்த பங்களா கேட்டுக்குள்ள ஒரு தடவ விட்டிருப்பாங்களா மாமா? கெடக்கட்டும். அங்கயே இருக்கட்டும்."