வாத்தியார் விற்ற மோட்டார்

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, மதுரையில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பது வயதிருக்கும். சோழவந்தானில் எங்களுக்குக் கொடிக்கால் இருந்தது. கிள்ளிய வெற்றிலையை மாட்டு வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வெயில் ஏறிப் பாதி வாடிவிடும். ஒரு மோட்டார் இருந்தால் காலையில் முதல் ஆளாகக் கடையில் இறக்கலாம், திரும்பும்போது வாடகைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று எனக்குப் பேராசை. ஒரு பஸ் டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டப் பழகி, லைசென்சும் வாங்கிவிட்டேன். வண்டிதான் இல்லை.

தல்லாகுளத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பழைய மோட்டார் ஒன்றை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போன வண்டியாம். மகளுக்குக் கல்யாணம் வந்துவிட்டதால் விற்கிறார். போய்ப் பார்த்தேன். கான்வாஸ் கூரை போட்ட பெரிய வண்டி. பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன். வாத்தியார் என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"இப்பத்தான் எல்லாம் மாத்திச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு தம்பி, வண்டிக்கு வயசாயிருச்சு. எண்ணெய் அதிகமாக் குடிக்கும். வாரா வாரம் மறக்காமப் பாத்து ஊத்திருங்க."

"அப்பச் செலவு கூடுமேய்யா. வெலையில கொஞ்சம் தட்டிக் குடுங்க" என்றேன். அவரும் மறுபேச்சுப் பேசாமல் குறைத்துக்கொண்டார். ஒரு ஜோடி மாட்டையும் வண்டியையும் விற்ற பணத்தைக் கொடுத்து, மோட்டாரை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். கொடிக்காலில் வேலை செய்தவர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மூன்று வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன். பின்னால் நீலமாகப் புகை வந்தது. பழைய வண்டி என்றால் புகையாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். நான்காவது வாரம் சனிக்கிழமை காலை. ஒரு முகூர்த்தத்துக்கு வேண்டிய வெற்றிலைக் கட்டுகள் வண்டி நிறைய இருந்தன. சமயநல்லூர் தாண்டும்போது இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. பரவைக்கு வருவதற்குள் ஒரு ஊளை. அதோடு இஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

வெற்றிலை என் கண் முன்னாலேயே வெயிலில் சுருண்டது. முகூர்த்தக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். மோட்டாரை இரண்டு மாடு பூட்டி இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். எதிரில் வந்தவர்களெல்லாம் நின்று சிரித்தார்கள். மாட்டை விற்று மோட்டார் வாங்கிய எனக்கு, அந்த மோட்டாரை இழுக்க மாடு வாடகைக்கு வாங்கியது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

தல்லாகுளம் போகிற வழியில் இருந்த கொட்டகையில் வண்டியை விட்டேன். மெக்கானிக் ஒரு பாய். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேரிங் உருகிருச்சுண்ணே. ஏன்னு பிரிச்சாத்தான் தெரியும். இப்பக் கையில வேற வேலை இருக்கு. நாளைக்கு மத்தியானம் வாங்க" என்றார்.

எனக்கு முன்கோபம் அதிகம். இப்போதும் உண்டு, அப்போது இன்னும் அதிகம். அன்று வீட்டுக்கு வந்து குதித்த குதியில், "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா? என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க" என்றாள் என் மனைவி. அவள் சொல்லை நான் என்றைக்குக் கேட்டேன்? மறுநாள் காலையிலேயே முதல் ரயிலைப் பிடித்து மதுரைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. வாத்தியார் வீடு பூட்டியிருந்தது. மாதா கோயிலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கோயில் வாசலில் போய் நின்றேன். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். வாத்தியார் கோட்டுப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக நாலைந்து பேரோடு வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"என்னய்யா, செத்த வண்டிக்குச் சாயம் அடிச்சு என் தலையில கட்டிட்டு இங்க வந்து சாமி கும்பிடுறீரா? ஊருக்குப் புத்தி சொல்ற வாத்தியாரு ஏமாத்துக்காரருன்னு எம்புட்டுப் பேருக்குத் தெரியும்?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத்தில் போட முடியாது.

அன்று அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது, பின்னால்தான் தெரிந்தது. அவர்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண், மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் படிப்பார்களாம். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்பதற்காக அப்படி ஒரு வழக்கம். வாத்தியார் மகளுக்கு அன்று மூன்றாவது ஓலை. அதற்காகத் திண்டுக்கல்லிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனாரும் உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். வாத்தியாரைச் சுற்றி நின்ற நாலைந்து பேர் அவர்கள்தான். வாத்தியார் வீட்டில் அவர்களுக்கு விருந்து தயாராக இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். "மொதல்ல இத முடிங்க. முடிச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். வாத்தியார் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

வாத்தியார் என்னிடம், "வாங்க தம்பி, வண்டியைப் போய்ப் பாப்போம்" என்றார். வீட்டுக்குக்கூடப் போகாமல், வெயிலில் என்னோடு கொட்டகைக்கு நடந்து வந்தார்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு திருகைக் கழற்றினார். கறுப்புப் பசை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை.

"ஏண்ணே, இதுல ஆயில் ஊத்தி எம்புட்டு நாளாச்சு?"

"வாங்குறப்பவே புதுசா இருந்துச்சே, இவரு மாத்தித்தான குடுத்தாரு?"

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "எண்ணெய் குடிக்கும், வாரா வாரம் பாத்து ஊத்துங்கன்னு சொன்னேனே தம்பி?"

"ஊத்தினேனே! டாங்கி வழிய வழிய ஊத்தினேனே! போதாதுன்னு ஒரு டின்னுகூட வண்டியிலயே வச்சிருந்தேன்!"

பாய் வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை. எங்கள் கொடிக்காலில் தண்ணீர் இறைக்க ஒரு இஞ்சின் உண்டு. அதற்கு ஊற்றுகிற குருடாயிலை நாங்கள் எண்ணெய் என்றுதான் சொல்வோம். மோட்டார் வந்த பிறகு பெட்ரோலும் எங்களுக்கு எண்ணெய்தான். இஞ்சின் தேயாமல் இருக்க உள்ளே ஊற்றுவது ஆயில். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவரும் அதை ஆயில் என்றுதான் சொன்னார். அதனால் வாத்தியார் எண்ணெய் குடிக்கும் என்றதும், பெட்ரோல் அதிகம் பிடிக்கும் வண்டி என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குறையைச் சொல்லி விலையையும் குறைத்து வாங்கிவிட்டு, பெட்ரோலை ஊற்று ஊற்றென்று ஊற்றி, ஆயில் இல்லாமல் இஞ்சினைக் கொன்றிருக்கிறேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "நான் ஆயில்னே சொல்லியிருக்கணும். உங்களுக்கு நல்லாப் புரியட்டுமேன்னு தமிழ்ல சொன்னேன்" என்றார். அவர் நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. அவர் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டு, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாளே ரயிலேறித் திண்டுக்கல் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, நடந்தது ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்பாடா, காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது என்று நான் எழுந்தபோது அவர் சொன்னார்:

"நீங்க கத்துனத கோயில் வாசல்ல அம்புட்டுப் பேரும் கேட்டாங்க. இத எனக்கு மட்டும் சொல்றீங்களே?"

"வார ஞாயித்துக்கிழமை அங்க வாரேன்யா" என்றேன். "அப்ப நாங்களும் வாரோம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை வாசலில் நின்றேன். ஏமாற்றுக்காரர் என்று கத்தியபோது வந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை. ஜனங்கள் வெளியே வந்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "போன வாரம் இங்க நின்னு வாத்தியாரய்யாவ ஏமாத்துக்காரருன்னு சொன்னது நான்தான். அவரு வண்டியில இருந்த குறைய மறைக்காமச் சொல்லித்தான் வித்தாரு. எனக்குத்தான் வெளங்கல. ஆயில் ஊத்தாம இஞ்சினைக் கெடுத்தது நான். தப்பு என்னோடது" என்றேன். யாரோ எதற்கு ஆயில் ஊற்றவில்லை என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் வாத்தியாரிடம் போனார். "என்ன சம்பந்தி, சாப்பாடு ஏதாச்சும் உண்டா?" என்றார். வாத்தியார் மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. என்னையும் விடவில்லை. அவர்களோடு அதே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த வாரமே புதன்கிழமை கல்யாணம் நடந்தது. பாய் வேறு பேரிங் போட்டு, மோட்டாரும் யுத்தத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வரும்வரை ஓடியது.

எல்லாம் நல்லபடியாக முடிந்த கதைதான். ஆனால் நான் கத்திய அன்று வாசலில் இருந்த எல்லோரும் அடுத்த வாரம் வந்திருக்கமாட்டார்கள். ஊருக்குப் போனவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள், சும்மா தெருவில் போகும்போது நின்று கேட்டவர்கள் என்று சிலராவது இருந்திருப்பார்கள். அவர்கள் மனதில் அந்த நல்ல மனிதர் இன்னும் ஏமாற்றுக்காரராகவே இருக்கக்கூடும். அவர்கள் யாரென்று தெரிந்தால் இந்த வயதிலும் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், தெரியவில்லையே என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.