இருபத்தாறும் இருபத்தொன்பதும்

போன வாரம் வேலூரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய், என் பழைய மலை சைக்கிளுக்கு இருபத்தாறு இஞ்ச் டயர் கேட்டேன். “அந்த சைஸ்ல நல்லது இப்ப வர்றதில்ல சார். எல்லாம் இருபத்தொம்போதுதான்” என்றார் கடைக்காரர். இருந்தாலும் பழைய சரக்கில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனார்.

எனக்கு வயிறு எரிந்தது. டயருக்காக அல்ல. இருபத்தொன்பது என்று யாராவது சொன்னாலே எனக்குச் சுகுமார் ஞாபகம் வந்துவிடும். மறப்போம், மன்னிப்போம் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் சுகுமாரோடு வேலை பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

புது டயர் வாசனையும் ஷூ ஒட்டும் பசையின் வாசனையும் அண்ணன் தம்பி. ஆம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த ஷூ கம்பெனியில் கேட்டைத் தாண்டும்போதே அந்தப் பசை மூக்கைப் பிடிக்கும். முதல் வாரம் தலை சுற்றும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையானால் அது இல்லாமல் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். நானும் சுகுமாரும் ஒரே படிப்பு, ஒரே நாளில் சேர்ந்தவர்கள். தோல் வெட்டுகிற கட்டிங் ஹாலில் இரண்டு பேரும் சூப்பர்வைசர்கள். மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை அவன் வழித்து வழித்துத் தின்றதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷூ தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒரு ஜோடியின் இடதும் வலதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்றாகச் சாயம் போட்ட தோல்கள்கூட ஒன்று போல் ஒன்று இருக்காது. அதனால் பகலிலேயே வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, பிரித்து அடுக்கிவிடுவோம். இதற்கு ஷேடு பார்ப்பது என்று பேர். ட்யூப்லைட்டில் எல்லாப் பழுப்பும் ஒரே பழுப்புதான். ஒரு நாள் நான் அப்படிப் பிரித்து வைத்துவிட்டுப் போன தோல்களைச் சாயங்காலம் சுகுமார் அவசரத்தில் ஒன்றாகக் கலந்து வெட்ட விட்டான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து ஷூவைக் கையில் எடுத்தபோது இடது கால் வெல்லப்பாகு, வலது கால் டீ.

ஷேடு பார்த்தது யார் என்று மேனேஜர் கேட்டார். சுகுமார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“ஷேடு பாத்தது இவருதான் சார்.”

பாருங்கள், அதில் பொய் ஒன்றுகூட இல்லை. பார்த்தது நான்தானே! நான் வாயைத் திறப்பதற்குள் அது ஹால் முழுக்கப் போய்விட்டது. என்னை அட்டைப்பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். டபுள் கலர் என்று பேரும் வைத்தார்கள். ஆம்பூரில் ஒரு பேர் ஒட்டிக்கொண்டால் சுரண்டினாலும் போகாது. பிரியாணிக் கடையில்கூட டபுள் கலருக்கு ஒரு பிளேட் என்றுதான் குரல் கொடுத்தார்கள்.

சைக்கிளை மறக்கவில்லை, இதோ வருகிறேன். அப்போது எங்கள் செட்டுக்கே மலை சைக்கிள் பைத்தியம். ஆனால் ஊர்த் தூசியில் கியர் ரொம்ப நாள் தாங்காது. ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருந்த ரஃபீக் பாய், கியரையும் முன்னாலிருந்த ஸ்பிரிங் ஃபோர்க்கையும் கழற்றிவிட்டு, பின்னால் ஒரே ஒரு பல்சக்கரமும் முன்னால் வெறும் இரும்பு ஃபோர்க்கும் மாட்டிக் கொடுப்பார். கெட்டுப்போக எதுவும் இல்லாத வண்டிதான் நல்ல வண்டி என்பது அவர் கட்சி. என் வண்டிக்குச் சக்கரம் இருபத்தாறு. சுகுமாருக்கு அவன் மாமா பெங்களூரிலிருந்து இருபத்தொன்பது கொண்டுவந்து கொடுத்தார்.

எதிரியாக இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். காய்ந்து கிடக்கும் பாலாற்றில் அவன் வண்டி மணல்மேல் சும்மா போகும். என்னுடையது ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்து வரும். கல்லில் எனக்குத்தான் பல் ஆடும், அவனுக்குக் குலுக்கலே தெரியாது. ஆனால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பவும், வளைவில் ஒடித்துத் திருப்பவும் சின்னச் சக்கரம்தான். இதைச் சொன்னால், அது குழந்தைகள் சைக்கிள்டா டபுள் கலர் என்பான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஏலகிரி ஏறிப் பார்ப்போமா என்றேன். நான் தோற்றால் சாகும்வரை டபுள் கலர். அவன் தோற்றால் திங்கட்கிழமை கட்டிங் ஹால் நடுவில் நின்று, தோலைக் கலந்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். இரண்டு வண்டிக்கும் முன்னால், பின்னால் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டுமாம். அப்போதுதான் நியாயமாம். இவன் நியாயம் பேச வந்துவிட்டான்! நாள் பூரா ஜோடி பார்த்துப் பார்த்து, எதையும் ஜோடி சேர்த்தால் சரியாகிவிடும் என்கிற புத்தி எங்கள் எல்லாருக்குமே உண்டு.

பல் ஒன்றாக இருந்தால், பெரிய சக்கரம் ஒரு மிதிக்கு அதிக தூரம் உருளும். சமதரையில் அது சுகம். மேட்டில் அந்த அதிக தூரத்தை முட்டிதான் இழுக்க வேண்டும். சண்டைக்கு முன்னால் ஒருமுறை அவன் வண்டியை இரவல் வாங்கி ரயில்வே மேம்பாலம் ஏறியிருந்தேன். அன்றே என் முட்டிக்கு இது தெரியும். ரஃபீக் பாய் சுகுமாரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். கொஞ்சம் பலமாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானை வேனில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் இறக்கினோம். ரஃபீக் பாய் சாட்சியாக மொபெட்டில் பின்னால் வந்தார். ஆரம்பத்தில் சுகுமார் பறந்தான். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஏறினேன். சில வளைவுகள் கழித்து அவன் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தான். அதற்கும் மேலே, வண்டி நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. இறங்கித் தள்ள ஆரம்பித்தான். அவனைத் தாண்டும்போது வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். மணி அடித்தேன். மதில்மேல் இருந்த குரங்குகூட அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. நல்லவேளை, நான் எழுதுவதை என் மனைவி படிப்பதில்லை.

திங்கட்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கட்டிங் ஹாலுக்குப் போனேன். சுகுமார் வந்தான். வெட்டுகிற மெஷின்கள் அத்தனையையும் ஓடவிட்டான். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சொன்னபடி ஹால் நடுவில் வந்து நின்றான். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தான்.

“தோலைக் கலந்தது நான்தான். போதுமா?”

தோளைத் தட்டிவிட்டுப் போனான். ஒருத்தர்கூடத் தலை நிமிரவில்லை. அந்த வருஷமே அவனுக்குப் புரமோஷன் வந்தது. நான் வேலையை விட்டேன்.

இதையெல்லாம் கறுவிக்கொண்டு கடையில் நின்றிருந்தபோதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“டேய், டபுள் கலர்!”

சுகுமாரேதான். தலையில் முடி போய் வயிறு வந்திருந்தது. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னாராம். புதிதாக ஒரு இருபத்தொன்பதின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெறுங்கையோடு வெளியே வந்த கடைக்காரரிடம் என்னைக் காட்டி, “அப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் ஏலகிரி ஏறுவோம் பாய். நான் முன்னாடி போய்டுவேன், இவன் பாவம், பின்னாடி வருவான்” என்றான். நடிக்கிறானா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம்.

இல்லை என்று சொல்ல யாரைக் கூப்பிடுவது? ரஃபீக் பாய் மௌத்தாகி ரொம்ப நாளாயிற்று. கம்பெனியை மூடிவிட்டார்கள், கட்டிங் ஹால் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். அங்கே வேலை செய்தவர்கள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். இன்றைக்கு அவன் மைக் பிடித்து உண்மையைச் சொன்னாலும், கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லை. எல்லாம் போய் அந்தப் பேர் மட்டும் மிச்சம் இருக்கிறது.

சுகுமார் என் தோளில் கை போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏறப் போகிறானாம். கியர் எல்லாம் பேஜார், பழையபடி ஒற்றைப் பல்சக்கரம்தான் மாட்டப் போகிறானாம்.

“இன்னா பல்லு போடலாம், சொல்லு. உனுக்குத்தான் இதெல்லாம் கரெக்டா தெரியும்.”

“அன்னிக்குப் போட்டோமே, அதே பல்லு” என்றேன். “முன்னாடி, பின்னாடி, ரெண்டும். மாத்திடாத.”

கடைக்காரர் எனக்கும் அவனுக்கும் நடுவில்தான் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கால் எங்கே இருக்கிறது என்று நான் குனிந்து பார்த்தேன்.