எம்ப்ரிக் பின்னால் போன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவதில்லையே என்று யாராவது கேட்டால், "போறேனே, ரோப் கார்ல" என்பார் எம்ப்ரிக். பாதிரியாரிடமே இந்தப் பதிலைச் சொன்ன ஆள். பாதிரியார் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் பனிநாட்டு மலைகளுக்கு நடுவே கிடக்கிற ரியூக்கான்தானே ஊர். செப்டம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் மார்ச் பாதி வரைக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் தலைகாட்டாது. வெயில் வேண்டுமென்றால் ரோப் காரில் ஏறி மேலே போக வேண்டும். மேலே போனவன் கைகட்டிக்கொண்டு நிற்பானா? சறுக்குக்கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு பனிவெளியில் கிளம்பிவிடுவான்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஊரில் டெலிவிஷன் வரவில்லை. கார் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறு காலை ரோப் கார் நிலையத்தில் பாதி ஊர் வரிசையில் நிற்கும். ஆளுக்கொரு ஜோடிக் கட்டை, மூங்கில் கோல், முதுகில் பை. கம்பளிக் கையுறையின் ஈர வாசனையும் கட்டைக்குப் பூசிய தாரின் வாசனையும் கலந்து வரும். அந்த வாசனையை இன்றைக்கு எந்தக் கடையில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பிளாஸ்டிக் கட்டைக்கு ஏது வாசனை!

எம்ப்ரிக்குக்கு உரத் தொழிற்சாலையில் வேலை. உலைக்கூடத்தில் ஷிப்ட். வாரம் முழுக்கச் சூட்டிலும் இரைச்சலிலும் நின்றுவிட்டு வருகிற மனுஷனுக்கு ஞாயிறுதான் மருந்து. அவர் நடக்கப் பழகியதும் சறுக்கப் பழகியதும் ஒரே குளிர்காலத்தில்தான் என்று அவருடைய அம்மா சொல்வாள். பந்தயத்தில் பெயர் எடுத்தவர் இல்லை. வாலிபத்தில் ஒரே ஒரு பந்தயத்தில் ஓடினார். எத்தனையாவதாக வந்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் மெழுகு விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கே ஒரே சரிவில் இறங்கி நிற்கிற சறுக்கல் இல்லை. மேடு ஏற வேண்டும், சமவெளியில் நடக்க வேண்டும், பிறகுதான் இறக்கம். கட்டை முன்னால் வழுக்க வேண்டும், பின்னால் வழுக்கவே கூடாது. அதற்குத்தான் அடியில் மெழுகு. கடுங்குளிருக்குப் பச்சை, சாதாரணக் குளிருக்கு நீலம், பனி இளகினால் சிவப்பு. சனிக்கிழமை மாலையானால் வீட்டுக்கு வீடு நிலவறையில் இதே விவாதம்தான். எம்ப்ரிக்கும் பக்கத்து வீட்டு ஹெல்கேயும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று நீலமா சிவப்பா என்று கத்துவார்கள். மறுநாள் யார் சொன்னது பலித்ததோ அவர் வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் தலை நிமிர்ந்து நடப்பார். பெரும்பாலும் அது எம்ப்ரிக்தான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மூத்த மகள் குன்வோர் பனிச்சறுக்கு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. தம்பி ஐவின் சின்னவன், அவனை இழுவைச் சட்டத்தில் உட்காரவைத்து அப்பா இழுத்துக்கொண்டு போவார். அம்மா சிக்னே கடைசியில் வருவாள். நடுவில் குன்வோர். முதல் வருஷம் அழுதுகொண்டே வந்தாள். இரண்டாம் வருஷம் அழுகையை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அழுதபோதுகூட எம்ப்ரிக்குக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவர் பெரிய சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதை நீட்டினால் பிள்ளை வேண்டாம் என்கிறாள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மெழுகு பூச உட்கார்ந்தபோது அவளுடைய கட்டையைக் காணோம். நிலவறை முழுக்கத் தேடிவிட்டு, மற்றவர்களுடைய கட்டைகளுக்கு மட்டும் சிவப்புப் பூசினார். கீழே பள்ளத்தாக்கு விறைத்துக் கிடந்தது. ஆனால் ரியூக்கான்காரன் எவனும் கீழே இருக்கிற தெர்மாமீட்டரைப் பார்த்து மெழுகு பூசமாட்டான். கீழே நிழலில் குளிர் தேங்கி நிற்கும், மேலே வெயிலில் பனி இளகும். பிறந்த குழந்தைக்கும் அங்கே இது தெரியும்.

ஞாயிறு காலை காபி மேசையில் பேச்சு வந்தது.

"குன்வோர், உன் கட்டை எங்கடி?"

"காணோம்."

"காணோமா? நேத்து ராத்திரி தானாவே சறுக்கிட்டுப் போயிடுச்சா?"

ஐவின் விழுந்து விழுந்து சிரித்தான். குன்வோர் சிரிக்கவில்லை. "நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க."

"வெயிலை விட்டுட்டு இந்த இருட்டுல உக்காந்து என்னடி பண்ணுவ?"

"அங்க வந்து மட்டும் என்ன பண்றேன்? பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

எம்ப்ரிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றுமே இல்லையா? வானம் முட்ட வெளிச்சம், கண்ணுக்கு எட்டின மட்டும் பனிவெளி, அதில் ஒன்றுமே இல்லையாம். திட்டத்தான் வாய் திறந்தார். சிக்னே ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"சரி, ஒரு ஒப்பந்தம்," என்றார். "இன்னிக்கு ஒரு நாள் வா. திரும்பி வரும்போது ரோப் கார்ல உன்கிட்ட கேப்பேன். பிடிக்கலைன்னு சொன்னா, அதோட விட்டுடறேன். இனிமே ஜென்மத்துக்கும் உன்னைக் கூப்பிட மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். எழுந்து வெளியே போய் விறகடுக்குக்குப் பின்னாலிருந்து கட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அடியில் போன வாரத்து நீல மெழுகு. சிவப்புப் பூச நேரமில்லை, ரோப் காருக்கு நேரமாகிவிட்டது. பின்னால் வழுக்கிக்கொண்டே வரப்போகிறாள், அதுவும் இன்றைக்குப் பார்த்தா என்று முணுமுணுத்துக்கொண்டே எம்ப்ரிக் பையைத் தூக்கினார்.

மேலே கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது குளிர். வெயில் இருந்தது, ஆனால் சூடில்லாத வெயில். ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று திரும்பி, மேலே ஒரு சாண் உயரத்துக்குப் புதுப்பனி கொட்டியிருந்தது. மாவு போன்ற உலர்ந்த பனி. எம்ப்ரிக் குனிந்து கையில் எடுத்துப் பார்த்தார். உதறினார். கட்டையை மாட்டிக்கொண்டு, இழுவைச் சட்டத்தின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, வழக்கம்போல முன்னால் கிளம்பினார்.

கொஞ்ச தூரம்தான். இளகின பனிக்கான சிவப்பு மெழுகு உலர்ந்த பனியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கட்டைக்கடியில் பனி கட்டி கட்டியாகத் திரண்டது. காலை உதறினார். மறுபடி திரண்டது. எம்ப்ரிக் பொய்க்கால் கட்டி ஆடுகிறவர் மாதிரி பனிக்கு மேலே தூக்கலாக நின்றார். பின்னால் சிக்னேயும் அதே கோலத்தில் நின்றாள். ஐவினுக்குக் கொண்டாட்டம். "அப்பா வளந்துட்டாரு! அப்பா வளந்துட்டாரு!" என்று கத்தினான்.

குன்வோருடைய நீல மெழுகுதான் அன்றைய பனிக்குச் சரியான மெழுகு. வழக்கமாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவள் சர்ரென்று வந்து அப்பாவின் முதுகுப் பையில் மோதிக்கொண்டாள்.

"அப்பா, வழியை விடு!"

எம்ப்ரிக் ஒதுங்கினார். அவள் அவரைத் தாண்டிப் போய், புதுப்பனியின் விளிம்பில் நின்றாள். முன்னால் தடம் இல்லை. யாரும் மிதிக்காத வெள்ளை.

"எந்தப் பக்கம்ப்பா போகணும்?"

எம்ப்ரிக் அதற்குள் பையைத் திறந்து சுரண்டியைக் கையில் எடுத்துவிட்டார். சிவப்பைச் சுரண்டிப் போட்டுவிட்டு நீலத்தைத் தேய்க்க வேண்டியதுதான், காபி குடிக்கிற நேரம்கூட ஆகாது. தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வாங்க வந்தவள் தோரணை.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் போ," என்றார்.

"நிஜமாவா?"

"போடி. நாங்க உன் பின்னாடி வரோம்."

போனாள். முதலில் கோணல்மாணலாக, பிறகு நேராக. திரும்பித் தன்னுடைய தடத்தையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். எம்ப்ரிக் சுரண்டியை மறுபடி பைக்குள் போட்டு வாரை இழுத்துக் கட்டினார்.

சிக்னே பக்கத்தில் வந்து நின்றாள். "சுரண்டறதுக்குத்தானே எடுத்த?"

"ஆமா."

"ஏன் உள்ள வச்ச?"

"சும்மாதான்." காலை உதறிவிட்டு, "உன்னோடதை வேணும்னா சரி பண்ணித் தரேன். பாவம், நீ ஏன் கஷ்டப்படணும்," என்றார்.

சிக்னே முன்னால் போகிற மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இருபது வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிற பெண் அவள். "வேணாம், நட," என்றாள்.

நடந்தார்கள். நடந்தார்கள் என்ன, மிதித்தார்கள். பத்தடிக்கு ஒரு தரம் காலை உதறிக்கொண்டு, இழுவையில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, எம்ப்ரிக்குக்குச் சட்டை நனைந்துவிட்டது. அப்போது பார்த்துத்தானா ஹெல்கே வர வேண்டும்? நீலம் பூசிக்கொண்டு வாத்து தண்ணீரில் போகிற மாதிரி வந்தார். எம்ப்ரிக்கின் காலைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"யோவ் எம்ப்ரிக்! என்னய்யா இது, ஹை ஹீல்ஸா?"

"போய்யா உன் வேலையைப் பார்த்துக்கிட்டு."

"சிவப்பா? இந்தப் பனிக்கா சிவப்பு? நேத்து வேலில நின்னு என்ன பேச்சுப் பேசின!" ஹெல்கே கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பிறகு மனசு இளகி, "சுரண்டி இல்லையா? இந்தா, என்னோடதை வச்சுக்க," என்று எடுத்து நீட்டினார்.

"வேணாம். என்னோடது பையிலதான் இருக்கு."

"அப்புறம் ஏன்யா இப்படிச் சாகற?"

எம்ப்ரிக் காலை உதறிக்கொண்டு மேலே நடந்தார். ஹெல்கே தலையில் அடித்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை உலைக்கூடம் முழுக்கக் கதை பரவியது. 'ஹீல்ஸ் எம்ப்ரிக்' என்று வைத்த பெயர் ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஒட்டிக்கொண்டது. மெழுகில் புலி என்று பெயர் எடுத்த மனுஷன், உண்மையைச் சொல்லி ஒரே நாளில் அந்தப் பெயரைக் கழுவியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. சிக்னேயும் சொல்லவில்லை.

முன்னால் குன்வோரின் குரல் கேட்டது. "அப்பா! சீக்கிரம் வா! இங்க ஒரு ஏரி இருக்கு!"

உறைந்து வெள்ளையாகக் கிடந்த ஏரி. வாராவாரம் அதன் கரையில்தான் போவார்கள், வருவார்கள்.

"ஏரி இருக்குன்னு நீ சொல்லவே இல்லயே?" என்று அப்பாவைச் சண்டைக்கு இழுத்தாள்.

எம்ப்ரிக்குக்குச் சுருக்கென்றது. இரண்டு குளிர்காலம் இந்தப் பிள்ளை தன் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கிறது. அதன் கண்ணுக்கு நேராகத் தொங்கியது பையும் இழுவைக் கயிறும். பார்க்க ஒன்றுமே இல்லை என்று அவள் சொன்னது அத்தனையும் உண்மை. மலையையும் ஏரியையும் தான் ஒருவராகவே பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ரசனை இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது. கூடவே, பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்றும் இருந்தது. சிவப்புக் குல்லாய், கீழே இரண்டு சடை, ஒவ்வோர் எட்டுக்கும் அவை துள்ளின.

ஏரிக்கு அந்தப் பக்கம், எந்தப் பாறை அருகில் உட்காருவது என்பதையும் குன்வோர்தான் முடிவு செய்தாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, பிளாஸ்கில் கோக்கோ, ஆளுக்கு ஒரு ஆரஞ்சு. பனியில் ஆரஞ்சுத் தோல் கிடந்த அழகு இருக்கிறதே, அதை எம்ப்ரிக் வயசான காலத்திலும் சொல்லுவார். பாறைக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் பனிக்கோழி ஒன்று படபடவென்று பறந்தது. "நான்தான் முதல்ல பார்த்தேன்!" என்று குன்வோர் கத்தினாள். நான்தான், நான்தான் என்று ஐவின் சண்டை போட்டான். திரும்பும்போதும் அவள்தான் முன்னால். ஒவ்வோர் இறக்கத்துக்கும் கீழே நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று கேலி செய்தாள். எம்ப்ரிக் மிதித்துக்கொண்டே இறங்கினார்.

ரோப் காரில் கூட்டம். குன்வோர் சன்னல் பக்கம் நின்றாள். கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன. பெட்டி வெயிலை விட்டுக் கீழே நிழலுக்குள் இறங்கியது. ஒப்பந்தப்படி கேட்க வேண்டிய நேரம். உலை வாயில் நின்று வேலை செய்கிற ஆளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் பிடிவாதக்காரி, வாய் திறந்து சொல்லிவிட்டால் சொன்னதுதான். கேட்காமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். சொன்ன வார்த்தையாயிற்றே என்று கேட்டார்.

"என்னடி குன்வோர், இனிமே உன்னைக் கூப்பிடட்டுமா, வேணாமா?"

அவள் சன்னலிலிருந்து திரும்பவில்லை. "நீ கூப்பிட வேணாம்ப்பா."

எம்ப்ரிக் தலையாட்டினார். சிக்னேயைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, காலடியில் கிடந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் உன்னைக் கூப்பிடறேன்," என்றாள் குன்வோர். "நான் போய் நின்னதுக்கப்புறம் நீ பின்னாடி வா."

பெட்டிக்குள் பாதி ஊர் நிற்கிறது. ஹெல்கேயும் பக்கத்திலேயே நிற்கிறார். எம்ப்ரிக் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பனி வெளிச்சம் கூசுகிறது என்று யாரும் கேட்காமலே காரணம் சொன்னார்.

அவள் சொன்னபடியே செய்தாள். கல்யாணமாகி வேறு தெருவுக்குக் குடிபோன பிறகும், அவளுக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும், குளிர்காலத்து ஞாயிறுகளில் எம்ப்ரிக் வீட்டுத் தொலைபேசி காலையிலேயே அடிக்கும். அவர் காபி கூடக் குடிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனாலும் முதல் மணியில் எடுக்கமாட்டார், அவள் கூப்பிடுவதை இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று.